அரண்மனைத் தோட்டத்தில் பெண் பார்த்தோம்

மைசூர் அரண்மனையை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், நன்றாக இருக்கும், போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மைசூர் ஒன்றும் தூர தேசம் இல்லை. கோபியில் விடியக் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம் மலைப்பாதை, சாம்ராஜ்நகர் என்று ஏறி இறங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அரண்மனை வாசலில் நிற்கலாம். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றாலே அங்கேதான் கூட்டிப் போவார்கள். என் வகுப்பைக் கூட்டிப் போன வருஷம் எனக்கு அம்மை போட்டிருந்தது. அதனால் நான் அந்த அரண்மனைக்குள் முதன்முதலில் கால் வைத்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. டிக்கெட் வாங்கியது அரண்மனையைப் பார்க்க. போனது பெண் பார்க்க.

முப்பத்தெட்டு வயதில் கல்யாணம் ஆகாமல் இருக்கிறவன் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான் என்றால் இதை எழுதவே கூச்சப்பட்டிருப்பேன். தெருவுக்குத் தெரு இருக்கிறோம். வாய்க்கால் பாசனம், வாழை, மஞ்சள், தென்னை, மாடி வீடு, டிராக்டர், கார் எல்லாம் இருக்கிறது. பெண்தான் கிடைக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளைக்குக் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலையா, வெளிநாட்டு வேலையா என்று கேட்கிறார்கள். தோட்டம் பார்க்கிறான் என்றால் காபி கொடுத்து அனுப்பி வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் தங்கைக்கு இடம் பார்த்தபோது நாங்களும் அதையேதான் கேட்டோம். அவிநாசியில் சொந்தத் தொழில் செய்கிற மாப்பிள்ளையாகத் தேடிப் பிடித்துக் கொடுத்தோம். தோட்டக்காரன் ஜாதகம் வந்தால் அம்மா உறையைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

எழவு வீட்டுக்குப் போனால்கூட எனக்கு விடுதலை கிடையாது. மாலையைப் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங் தம்பி, ஏதாச்சு அமைஞ்சுதுங்களா?" என்பார்கள். செத்தவரைவிட என்னைப் பார்த்துத்தான் அதிகம் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று ஊரில் பேர். வராமல் என்ன செய்யும்?

தரகர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அப்படியொரு எழவு வீட்டுப் பழக்கத்தில்தான். அவர் முன்பு அந்தியூர்ச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர். மாடு கட்டுகிறவர்கள் குறைந்துபோகவே பெண் தரகுக்கு வந்துவிட்டார். மலைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து எல்லையோர ஊர்களிலிருந்து எங்கள் பக்கத்துப் பையன்களுக்குப் பெண் எடுத்துத் தருவார். பழைய தொழிலின் பேச்சு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

"சாதுவான புள்ளைங்கம்மா. ஒரு கொறை சொல்ல முடியாதுங்க" என்றார் அம்மாவிடம்.

"சுழியெல்லாம் பாத்தாச்சுங்களா?" என்று மாடு வாங்குகிறவன் மாதிரி கேட்டேன். அம்மா என்னை முறைத்தாள். அவருக்குக் கோபமே வரவில்லை. தம்பி தமாஸ்காரரு என்று சிரித்துவிட்டு மேலே பேசினார்.

"அவங்களும் நம்மளாட்டக் காடு தோட்டம் வெச்சுப் பொழைக்கற சனந்தானுங்க. ஊட்டுல தமிழும் பேசுவாங்க. பொண்ணு டிகிரி முடிச்சிருக்குது. அதுக்குக் கீழ இன்னும் ரெண்டு பொண்ணுங்க. மூத்தத மொதல்ல ஒரு எடத்துல சேத்திப்போடோணும்னு அப்பன் பாக்கறாருங்க."

அம்மா குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூவாக்குக் கேட்டாள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, மனசில் ஒன்றை நினைத்துக்கொண்டு எடுக்கச் சொல்வது. அம்மா நினைத்தபடியே வெள்ளை வந்தது. அதற்குப் பிறகு அவளிடம் யாரும் எதிர்ப்பேச்சுப் பேச முடியவில்லை. நான் பேச நினைக்கவும் இல்லை.

அரண்மனை என்பது தரகரின் யோசனை. "நேரா அவங்க ஊட்டுக்குப் போனா ஊரே வேடிக்கை பாக்குமுங்க. அமையலைன்னா ரெண்டு பக்கமும் சங்கடம். மைசூர் அரமணைக்கு வந்துருங்க. நீங்களும் டூர் வந்தாப்புடி, அவங்களும் டூர் வந்தாப்புடி. பாத்துப்போட்டு, புடிச்சுதுன்னா அம்மா ஒரு மொழம் பூ வெச்சுரட்டும். முடிஞ்சுதுங்க."

எங்களுக்கு இது புதிய ஏற்பாடு இல்லை. கோயிலில், ஜவுளிக்கடையில், சொந்தக்காரர் கல்யாணத்தில் என்று இரண்டு குடும்பமும் தற்செயலாக எதிர்ப்பட்டாற்போல் நின்று பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவது உண்டு. பிடிக்கவில்லை என்றால் யாரும் யாரையும் பார்க்கவில்லை என்று ஆகிவிடும். பிடித்துவிட்டால் மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையில் பூ வைப்பாள். வைத்த பூவை எடுக்க முடியாது. பூ வைத்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும். பெண் பின்வாங்கலாமா என்று ஊர் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நான் ஓட்டினேன். தரகர் என் பக்கத்தில், அம்மா பின் சீட்டில். முந்தின நாள் தலைக்குச் சாயம் அடித்திருந்தேன். காது மடலில் கறுப்பு ஒட்டியிருந்ததைப் பண்ணாரிக் கோயில் வாசலில்தான் அம்மா கவனித்தாள். தேங்காய் எண்ணெய் வாங்கி, முந்தானையில் தொட்டு அழுத்தித் துடைத்தாள். கறுப்பு போய்விட்டது, காது சிவந்துவிட்டது. சாமி கும்பிட வந்தவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மலைப்பாதையில் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறினோம். தரகர் தான் முடித்து வைத்த கல்யாணங்களை வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். "கன்னடம் பேசற மருமக வந்தா நமக்கு ஒரு சவுகரியமுங்க. அது திட்டுனாலும் நமக்குப் புரியாது" என்றார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மாவும் நானும் மட்டும் இருக்கிற வீட்டில் மூன்றாவதாக ஒரு குரல் கேட்கப் போகிறது. அது என்ன மொழியில் கேட்டால்தான் என்ன என்று நினைத்துக்கொண்டேன். ஆசை இருந்தது. ரொம்பவே இருந்தது.

அரண்மனையில் செருப்பை வெளியே கொடுத்துவிட்டு உள்ளே போனோம். தேர்த் திருவிழாக் கூட்டம். அங்கே நம் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. தடுப்புக் கட்டிவிட்ட வழியில் போய்க்கொண்டே இருக்க வேண்டும், வந்த வழியே திரும்ப விட மாட்டார்கள். நின்றால் பின்னால் வருகிறவர்கள் முதுகில் இடிப்பார்கள். யானை மேல் வைக்கிற தங்க அம்பாரி கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. சுவர் முழுக்கத் தசரா ஊர்வலத்தின் ஓவியங்கள். குதிரைகள், பீரங்கிகள், தலைப்பாகைக்காரர்கள். அம்மா கையில் கிடைத்த கதவையெல்லாம் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு வந்தாள். இது கோயில் இல்லைங்மா என்றேன். இருந்துட்டுப் போகுது என்றாள்.

சந்திக்கிற இடம் கல்யாண மண்டபம். அரண்மனைக்குள்ளேயே எட்டு மூலையாக ஒரு பெரிய கூடம். வண்ணக் கண்ணாடிக் கூரையில் மயில்கள் இருந்தன. ராஜா வீட்டுக் கல்யாணங்கள் நடந்த இடமாம். "கல்யாண மண்டபத்துலயே வெச்சுப் பாக்கறமுங்க. இத உட ராசியான எடம் கெடைக்குமுங்களா?" என்றார் தரகர். மண்டபத்தையே அவர்தான் கட்டிக் கொடுத்தாற்போல் முகத்தில் அவ்வளவு பெருமை.

"நீலச் சுடிதாருங்க" என்று கண்ணால் காட்டினார்.

பெண் பார்க்கிற நேரத்தில் பெண்கள் எப்படி இருப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. அத்தனை வீட்டுக் காபி குடித்திருக்கிறேன். தரையைப் பார்ப்பார்கள். தட்டத்தை நீட்டும்போது ஒரு நொடி நிமிர்ந்து நம்மைப் பார்ப்பார்கள், அந்த நொடியிலேயே முடிவு செய்துவிடுவார்கள். இந்தப் பெண் அப்படி எதுவும் செய்யவில்லை. வாயைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயில் சரியாகத் தெரியவில்லை என்று பின்னால் நகர்ந்து நகர்ந்து வந்து ஒரு பெரியவரின் காலை மிதித்தாள். மன்னிப்புக் கேட்டுச் சிரித்துவிட்டு மறுபடியும் கூரையைப் பார்த்தாள். அவளுடன் வந்திருந்த அப்பாவும் அத்தையும்தான் எங்களைப் பார்த்தார்கள். அப்பா என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை நிதானமாகப் பார்த்தார். அம்மா துடைத்த காது எனக்கு மறுபடி எரிந்தது.

"ஏனுங்க, புள்ள நம்ம பக்கமே திரும்பலைங்களே" என்றாள் அம்மா.

"கூச்சமுங்கம்மா" என்றார் தரகர்.

கூச்சப்படுகிறவள் ஆள் காலை மிதித்துக்கொண்டா மயில் பார்ப்பாள்? எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. ஆனால் கூட்டம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. படியேறித் தர்பார் மண்டபத்துக்குப் போனோம். அவர்கள் எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொரு தூணிடமும் நின்று அப்பாவுக்கு எதையோ காட்டினாள். அவர் பார்க்காமலே தலையை ஆட்டினார். நானும் தூண்களைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். அழகாக இருந்தாள். அதைவிடச் சந்தோஷமாக இருந்தாள். எங்கள் வீட்டில் ஒருவர் அந்த மாதிரி சந்தோஷமாக இருந்து பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. இவள் வந்தால் வீடு மாறிவிடும் என்று தோன்றியது. சந்தேகத்தை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

வெளியே வந்தால் தோட்டம். ஒட்ட வெட்டிய புல்வெளியும், நிறம் நிறமாகப் பூப்பாத்திகளும். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் கட்டுகிறவனுக்கு அந்தப் புல்லின் பச்சையைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். அம்மா பூ வாங்கப் போனாள், தரகரும் துணைக்குப் போனார். பெண்ணின் அப்பாவும் அத்தையும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் மட்டும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்து அரண்மனையைப் படம் பிடித்தாள். கடைசியில் என்னிடம் வந்தாள். நாங்கள் பேசியதைக் கேட்டிருப்பாள்போல, தமிழிலேயே பேசினாள்.

"அண்ணா, ஒரு போட்டோ எடுங்க அண்ணா. அரமனே ஃபுல்லா வரணும்."

அண்ணா என்பது கன்னடத்திலும் அண்ணாதான். எங்கள் பக்கம் ஒரு பெண் வாய் நிறைய ஒருவனை அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் அதற்குமேல் அவனுக்கு அவளைக் கேட்கிற பேச்சுக்கே இடமில்லை. அதனாலேயே பெண் பார்க்கிற இடத்தில் எந்தப் பெண்ணும் மறந்தும் அந்த வார்த்தையைச் சொல்லாது. இவளுக்கு விஷயமே தெரியாது என்று அந்த நிமிஷம் எனக்கு உறுதியாகிவிட்டது.

போட்டோ எடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "கோபுரம் கட் ஆயிருச்சு அண்ணா" என்றாள். மறுபடி எடுத்தேன். அதுவும் சரியில்லை. புதுப் பேண்ட்டோடு தரையில் குத்தவைத்து உட்கார்ந்து எடுத்த பிறகுதான் அவளுக்குத் திருப்தி.

"எந்த ஊரு அண்ணா நீங்க?"

"கோபிங்க."

"நான் மைசூருக்கு வர்றதே இதுதான் ஃபர்ஸ்ட். பி.எட். சேரப் போறேன். காலேஜ் பாத்துட்டு வரலாம்னு அப்பா கூட்டிட்டு வந்தாரு. இங்க முடிச்சுட்டு அங்க போறோம். ஹாஸ்டல் எப்பிடி இருக்குதுன்னு பாக்கணும்."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைங்களே" என்றேன்.

"வாட்ச்மேன் அப்பாவுக்குத் தெரிஞ்சவராம், தெறந்து காட்டுவாராம்" என்றாள். அப்பா சொன்னதை அப்படியே நம்பியிருந்தாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, "அண்ணி வரலையா? பசங்களையாச்சும் கூட்டிட்டு வந்திருக்கலாம், யானையெல்லாம் இருக்குது" என்றாள்.

இல்லைங்க என்று மட்டும் சொன்னேன். அவள் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் பூப்பாத்திப் பக்கம் போய்விட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. தரகர் மேல், மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா மேல், எல்லாரையும்விட என் மேல். சாயம் அடித்த தலையோடு, ஒரு சின்னப் பெண்ணின் படிப்பைப் பிடுங்க மலையேறி வந்திருக்கிறேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது.

அம்மா பூவோடு வந்தாள். இலையில் மடித்த மைசூர் மல்லி, நெருக்கமாகத் தொடுத்தது. தரகர் மரத்தடிக்குப் போய் அந்த அப்பாவிடம் குனிந்து பேச ஆரம்பித்தார்.

"அம்மா, அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமே தெரியாதுங்மா. காலேஜ் பாக்கலாம்னு சொல்லிக் கூட்டியாந்திருக்காங்க" என்றேன்.

"அதுக்கென்ன கண்ணு? என்கிட்ட மட்டும் சொன்னாங்களா? மஞ்சக் காட்டுல களை வெட்டிட்டு இருந்தேன். ஒறம்பரை வந்திருக்குது, காலைக் கழுவிட்டு வான்னாங்க. வந்து நின்னேன், பூ வெச்சாங்க. எல்லாரும் சாப்புட்டு எந்திரிச்ச பொறகுதான் கண்ணாலம் எனக்குன்னே தெரியும். நான் பொழைக்கலியா?"

"பொழைச்சீங்க. ஒரு நாளாச்சும் சந்தோசமா இருந்தீங்களா?"

எங்கள் வீட்டில் எவ்வளவு கோபம் வந்தாலும் அம்மாவிடம் பேசும்போது மரியாதைக்குச் சேர்க்கிற 'ங்க' விட்டுப் போகாது. ஆனால் அந்தக் கேள்வியை அதற்குமுன் நான் அவளிடம் கேட்டதில்லை. அப்பா இறந்து வருஷங்கள் ஆகின்றன. அவர் எப்படிப்பட்டவர் என்று எங்கள் இருவருக்கும் தெரியும், அதைப் பேசுவதில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு இலையைப் பிரித்தாள்.

"எனக்கும் வயசாச்சு. நான் போயிட்டன்னா உனக்கு ஒரு வாய் சோறு போட ஆரு இருக்கறா?" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். புல்லில் நடக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். அதைப் பார்க்காமல் புல்லைக் குறுக்கே மிதித்துக்கொண்டு நேராக அவளிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அம்மணி, சித்த திரும்பு. பூ வெச்சு உடறேன்" என்றாள் அம்மா.

தெரியாத ஊரில் வயதான பொம்பளை ஒருத்தி பாசமாகப் பூ கொடுக்கிறாள் என்று அந்தப் பெண் நினைத்தாள். அவள் முகம் மலர்ந்தது. துப்பட்டாவை ஒதுக்கிக்கொண்டு, அம்மாவின் உயரத்துக்குத் தோதாக முழங்காலை மடக்கித் தலையைத் தாழ்த்தினாள். மரத்தடியில் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். அத்தைக்காரி கும்பிடப் போகிறவள் மாதிரி கையைச் சேர்த்தாள்.

நான் அம்மாவின் கையைப் பிடித்துவிட்டேன். கொஞ்சம் அழுத்தியே பிடித்துவிட்டேன், வளையல் அவள் தோலில் பதிந்துவிட்டது.

"அம்மணி, இந்தப் பூவ வாங்காதீங்க" என்றேன். "இது எங்கம்மா. உங்களை எனக்குப் பாக்கறதுக்குத்தான் வந்திருக்கறோம். உங்கப்பாவுக்குத் தெரியும். இந்தப் பூவ வெச்சுட்டா எங்க பக்கம் கண்ணாலம் உறுதி பண்ணுன மாதிரி. நீங்களே அவரைக் கேளுங்க."

அவள் முதலில் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள், அம்மா சிரிக்கவில்லை. பிறகு அவளுடைய அப்பாவைப் பார்த்தாள். அவர் புல்லைப் பார்த்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார்.

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மகளின் கையிலிருந்து போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார். அவள் கன்னடத்தில் என்னவோ கேட்டாள். காலேஜ் என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. அத்தைக்காரி வந்து அவளுடைய மேல்கையைப் பிடித்துக்கொண்டாள்.

இழுத்துக்கொண்டு போகும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நன்றியோடு பார்ப்பாள் என்று எனக்குள் எங்கோ ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. அருவருப்போடு பார்த்தாள்.

"போட்டோ எடுக்கறப்பவே உங்களுக்குத் தெரியுமா?" என்று தமிழில் கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

அவர்கள் வாசலைத் தாண்டிப் போகிறவரை அம்மா அந்த இடத்திலேயே நின்றாள். சுற்றிலும் நின்றவர்கள் போனை எடுத்து எங்களைப் படம் பிடிக்கத் தொடங்கியதும் நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தேன். மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை.

திரும்பும் வழியில் நஞ்சன்கூட்டைத் தாண்டியதும் தரகர், "தம்பி நல்லவருங்க. ஆனா நல்லவங்களை வெச்சுத் தொழில் பண்ண முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். முதலில் கன்னடத்தில் பேசினார், அவளுடைய அப்பாவிடம்போல. பேசி முடித்ததும் இன்னொரு நம்பரைப் போட்டார். அது தமிழ்.

"ஆமாங், அந்தப் பொண்ணுதானுங்க. கோபிப் பார்ட்டிக்கு அமையலைங்க, உங்களுக்குப் பாத்துரலாமுங்க. வயசெல்லாம் அவங்க பெருசா எடுத்துக்க மாட்டாங்க. இல்லீங், அரமணையெல்லாம் இனி வேண்டாமுங்க. புள்ள உசாராயிருச்சு. நேரா ஊட்டுக்கே போயிப் பூ வெச்சுப்போடலாம். காலேஜுல சேர்றதுக்குள்ள முடிச்சிரோணும்னு அப்பன் நிக்கறாருங்க."

போனை வைத்ததும் யாருங்க என்று கேட்டேன். அந்தியூர்ப் பக்கத்து ஆள். முதல் சம்சாரம் விட்டுவிட்டுப் போய்விட்டாளாம். ஏன் போனாள் என்று கேட்டேன். அதையெல்லாம் நாம கேக்கறதில்லைங்க என்றார்.

காரை ஓரம் கட்டினேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அவரை இறக்கிவிடவா, அடிக்கவா, திரும்பிப் போகவா? போனால் எந்த ஊருக்குப் போவது? அவளுடைய ஊர்ப் பேரைக்கூட அவர் எங்களுக்குச் சொல்லவில்லை.

பின் சீட்டிலிருந்து அம்மா பேசினாள். "ஏனுங்க, அந்தப் புள்ளைய உட்டுருங்க. படிச்சுட்டுப் போகட்டுமுங்க."

"என்ற கையில என்னுங்கம்மா இருக்குது? அப்பன் முடிவு பண்ணிட்டாரு" என்றார் தரகர். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அங்கயே நீங்க ஒரு வார்த்தை, கண்ணாலத்துக்குப் பொறகு நான் படிக்க வெக்கறேன்னு சொல்லியிருந்தீங்கன்னா அப்பனும் ஒத்துக்கிட்டிருப்பாரு, அழுதுட்டாச்சும் புள்ளையும் ஒத்துக்கிட்டிருக்கும். அந்தியூர்க்காரரு அப்புடிச் சொல்ற ஆளில்லைங்க."

அவர் சொன்னபடியே நடந்தது. அந்த ஆவணியிலேயே அந்தியூர்க்காரரோடு அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். காரில் இருந்தபோதே எனக்கு அது தெரிந்துதான் இருந்தது. அரண்மனையில் அவளுக்கு ஒரு மத்தியானச் சந்தோஷமாவது கிடைத்தது, நான் வாயைத் திறந்ததால் அடுத்த தடவை அதுவும் இல்லாமல் போயிற்று என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லாமல் இருந்திருக்க முடியுமா என்று கேட்டால் அதற்கும் முடியாது என்றுதான் சொல்வேன்.

வண்டியை எடுத்தேன். வெளிச்சம் போவதற்குள் மலையை இறங்கியாக வேண்டும். சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டில் தரகர் இறங்கிக்கொண்டார். வேறு ஏதாவது அமைந்தால் சொல்கிறேன் என்று வழக்கம்போல் கும்பிட்டுவிட்டுப் போனார். அம்மா பின் சீட்டிலிருந்து இறங்கி முன்னால் வந்து உட்கார்ந்தாள். கையில் வளையல் பட்ட இடம் கன்றியிருந்தது. வலிக்குதுங்களா என்றேன். அதை விடு என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள். "நீ கட்டியிருந்தீன்னா, அந்தப் புள்ளையக் காலேஜுக்குப் போக உட்டிருப்பியா?"

"உட்டிருப்பேனுங்மா" என்று உடனே சொல்லிவிட்டேன்.

"நெசமாலுமா?"

யோசித்தேன். இத்தனை வருஷமாக நான் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி உண்டு. மத்தியானம் தோட்டத்திலிருந்து வரும்போது கதவைத் திறப்பாள். அம்மாவுக்கு முட்டி வலிக்கும்போது அடுப்படியைப் பார்த்துக்கொள்வாள். ஊரில் விசேஷத்துக்குப் போனால் என் பக்கத்தில் நிற்பாள். அவள் எப்போதும் வீட்டில் இருந்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போகிற பெண்ணை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை.

"இல்லீங்மா" என்றேன்.

அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் உட்டிருக்க மாட்டேன் கண்ணு" என்றாள்.